கூலி என்னும் சொல்

சென்ற மாதம் நமக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர், பால்மரம் வெட்டிப் பிழைத்த ஒரு பாட்டாளியின் பேத்தி. தோட்டத்தை விட்டுப் பட்டணம் சென்று, ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து வருகிறார். அங்கே ஏதோ ஒரு சிறு தகராறு. உடன் வேலை செய்யும் ஒருவன் இவரைப் பார்த்து, "என்ன இருந்தாலும் நீ ஒரு கூலிதானே" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இவர் பதில் பேசாமல் வீடு திரும்பினார். அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை.

அவர் நம்மைக் கேட்பது இதுதான்: "ஐயா, கூலி என்பது நம்முடைய தமிழ்ச் சொல்தானே? 2025இல் இதே பெயரில் ரஜினிகாந்த் படம் வந்தபோது என் தம்பிமார் விசிலடித்துக் கொண்டாடினார்கள். அதே சொல் ஆங்கிலக்காரன் உச்சரிப்பில் வந்தால் மட்டும் எனக்கு ஏன் உடம்பு கூசுகிறது? படத்தின் பெயரைக்கூட வாயால் சொல்லமாட்டேன் என்று தாத்தா ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்? நான் கோபப்பட்டது சரியா, தவறா?"

சரிதான், அம்மா. நீங்கள் கோபப்பட்டது சரியே. ஆனால் ஏன் சரி என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்வி உங்களுடையது மட்டும் அன்று. தோட்டத்து மண்ணில் பிறந்த ஒவ்வொருவர் வீட்டிலும் என்றோ ஒருநாள் எழுந்த கேள்வி இது.

தமிழில் கூலி என்றால் உழைப்புக்குக் கிடைக்கும் பயன். வள்ளுவரே ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில், விதி கைவிட்டாலும் மெய்வருந்திப் பாடுபட்டதற்குரிய பலன் வந்து சேரும் என்று சொல்ல வந்த இடத்தில், அந்தப் பலனைக் கூலி என்ற சொல்லால்தான் குறித்தார். இழிவான சொல்லாக இருந்தால் முயற்சியின் பெருமையைப் பாடும் இடத்தில் அதைக் கொண்டுவந்து வைத்திருப்பாரா? இன்றும் நாம் ஏற்றுக்கூலி என்கிறோம், இறக்குகூலி என்கிறோம், வண்டிக்கூலி, தையற்கூலி என்கிறோம். நகைக்கடைக்குப் போனால் செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று கேட்காமல் எந்தத் தாயும் மகளுக்குத் தாலிக்கொடி வாங்குவதில்லை.

இவற்றில் எந்தக் கூலியும் ஆள் அன்று என்பதைக் கவனியுங்கள். ஆளைச் சொல்ல வேண்டுமானால் தமிழில் கூலியாள் என்போம், கூலிக்காரர் என்போம். கூலி வேறு, ஆள் வேறு. காலையில் வேலைக்குப் போகிறான், மாலையில் கூலியை வாங்கி மடியில் கட்டுகிறான், வீட்டுக்கு வருகிறான். வீட்டில் அவன் தகப்பன், கணவன், கோயில் திருவிழாவில் காவடி எடுக்கிறவன். கூலி அவன் மடியில் இருக்கிறதே ஒழிய அவன் கூலி ஆகிவிடுவதில்லை.

ஆங்கிலம் செய்த வேலை என்ன? ஆளை வெட்டி எறிந்துவிட்டுக் கூலியை மட்டும் எடுத்துக்கொண்டது. பிறகு அந்தக் கூலியையே ஆளுக்குப் பெயராகச் சூட்டியது. கேட்பதற்குச் சிறிய இலக்கணப் பிழைபோல் இருக்கும். இந்தப் பிழைக்கு இருநூறு ஆண்டுக் காலம் மனிதர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள்.

அந்தச் சொல் தமிழிலிருந்துதான் போனதா என்பதிலும் அறிஞரிடையே வழக்கு உண்டு. குஜராத்துப் பகுதியில் கோலி என்னும் ஒரு மக்கட்கூட்டம் இருக்கிறது. அவர்கள் பெயரைத்தான் போர்த்துகீசியர் முதலில் பிடித்துக்கொண்டு, சுமை தூக்குவோர் எல்லோருக்கும் வைத்துவிட்டார்கள் என்பது ஒரு கட்சி. துருக்கி மொழியில் அடிமையைக் குறிக்கும் குல் என்ற சொல்லும் இதில் கலந்திருக்கலாம் என்பது இன்னொரு கட்சி. இந்தியாவில் வெள்ளைக்காரர் வழங்கிய சொற்களைத் திரட்டி, யூல், பர்னெல் என்ற இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் அகராதி, கோலியையும் நம் கூலியையும் சேர்த்தே எடுத்துப் பேசுகிறது. வடக்கேயிருந்து ஓர் ஓடையும் தெற்கேயிருந்து ஓர் ஓடையும் வந்து ஒரே சாக்கடையில் விழுந்தன என்று வைத்துக்கொண்டால் நமக்குப் போதும். ஓடைகளின் மேல் நமக்குக் குறையில்லை.

அந்தச் சாக்கடை எப்போது பெருகிற்று? பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறி, 1834 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கோ ஆள் வேண்டும். விலைக்கு வாங்கக்கூடாது, சரி. ஒப்பந்தம் எழுதிக் கொண்டுவந்தால்? அதே 1834 நவம்பரில் மொரீஷியஸ் தீவில் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் கப்பலில் வந்து இறங்கினார்கள். 1838இல் பிரிட்டிஷ் கயானா, 1845இல் டிரினிடாட், 1860இல் நேட்டால். நேட்டாலின் துறைமுகத்துக்கு முதன்முதலில் ஆள் ஏற்றிவந்த 'ட்ரூரோ' என்ற கப்பல் புறப்பட்ட இடம் நம் சென்னைப் பட்டணம். மொரீஷியஸில் அவர்கள் வந்து இறங்கிய படித்துறைக்கு 'கூலி காட்' என்றே பெயர் வழங்கிற்று. பிற்காலத்தில் அதனை மாற்றி 'ஆப்ரவாசி காட்', அதாவது குடிபெயர்ந்தோர் துறை என்று பெயரிட்டார்கள். 2006இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னங்களில் சேர்த்தது.

இந்தியரோடும் அந்தச் சொல் நிற்கவில்லை. கியூபாவுக்கும் பெருவுக்கும் கொண்டுசெல்லப்பட்ட சீனரும் கூலிகளே. சீனமொழியில் அதனை ஒலிபெயர்த்து எழுதியவர்கள் தேர்ந்தெடுத்த இரண்டு எழுத்துகளில் ஒன்றுக்குக் கசப்பு என்று பொருள், மற்றொன்றுக்கு வலிமை என்று பொருள். கசந்த உழைப்பு! ஒலிக்காகத் தேடிய எழுத்தில் உண்மை வந்து உட்கார்ந்துகொண்டது. 1862இல் அமெரிக்கா தன் குடிமக்கள் கூலி வாணிகத்தில் ஈடுபடுவதைத் தடுக்க ஒரு சட்டம் போட்டது. 1880இல் டச்சுக்காரர் சுமத்ராவின் கீழ்க்கரைத் தோட்டங்களுக்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். அதன் பெயரே கூலிச் சட்டம். ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுப் போனவனைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் அது. ஒரு கரையில் மனிதனை விற்பதைத் தடுக்க, மறுகரையில் மனிதனைக் கட்டிவைக்க, இரண்டுக்கும் ஒரே சொல் பயன்பட்டது.

இவ்வளவும் வேலையைக் குறித்த பெயர் என்று யாராவது வாதாடலாம். சுமை தூக்குகிறவனைக் கூலி என்றார்கள், அதிலென்ன குற்றம் என்பார்கள். அப்படிச் சொல்வோருக்குத் தென்னாப்பிரிக்காவே பதில். 1885இல் டிரான்ஸ்வாலில் இயற்றப்பட்ட 3ஆம் எண் சட்டம், ஆசியர் குடியுரிமை பெறுவதைத் தடுத்தது. யார் யாருக்கு அது பொருந்தும் என்று பட்டியல் போடும்போது, கூலிகள் எனப்படுவோர், அராபியர், மலாய்க்காரர் என்று எழுதினார்கள். இங்கே கூலி என்பது தொழில் அன்று, இனம். 1893இல் காந்தியடிகள் அங்கே போய் இறங்கினார். லண்டனில் சட்டம் படித்தவர், கையில் வழக்கு, தலையில் தலைப்பாகை. அவருக்குக் கிடைத்த பெயர் 'கூலி பாரிஸ்டர்'. கடைவைத்திருந்த இந்தியர்களுக்குக் 'கூலி வியாபாரி' என்று பெயர். ஒருநாளும் கூலி வேலை செய்திராதவனும் கூலியே. ஆகவே அந்தச் சொல் கையிலிருந்து இறங்கித் தோலில் ஒட்டிக்கொண்டது என்பதில் ஐயமில்லை.

கூலி என்று அழைக்காதபோது 'சாமி' என்று அழைத்தார்களாம். ராமசாமி, முனுசாமி என்று நம்மவர் பெயர்கள் முடிகின்றன அல்லவா? அதை வெட்டி எடுத்து எல்லோருக்கும் பொதுப்பெயர் ஆக்கிவிட்டார்கள். சாமி என்றால் எசமான் என்று பொருள், நான் உனக்கு எசமான் இல்லையே என்று சில இந்தியர் வெள்ளைக்காரரைத் திருப்பிக் கேட்டதைக் காந்தியடிகள் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். வாய்த்துடுக்கு இருந்தவர்கள் பிழைத்தார்கள். நம் பக்கத்திலும் இந்தக் கதைதான். துரைமார் பேச்சில் தமிழனென்றால் ராமசாமி. மேலே சொன்ன அகராதியில் அதற்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

அதே நூலில் வரும் பாலசுந்தரம் கதையை நம் தோழர்கள் பலர் அறிந்திருப்பார்கள். 1894 வாக்கில் டர்பனில் ஒப்பந்தத்தில் இருந்த தமிழர். முதலாளி அடித்து முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் இரத்தம் ஒழுக, தலைத்துண்டைக் கையில் ஏந்திக்கொண்டு காந்தியடிகளிடம் வந்து நின்றார். பல் உடைந்ததைக் காட்டிலும் அந்தத் துண்டுதான் காந்தியடிகளின் மனத்தை வருத்தியது. வெள்ளைக்காரன் எதிரில் ஒப்பந்தக் கூலி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே எழுதாச் சட்டம். அந்தப் பழக்கத்தில், ஓர் இந்தியர் எதிரிலும் அவர் அவிழ்த்துவிட்டார். முதலில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள் என்றார் காந்தியடிகள். வைத்தியரும் வழக்கும் பிறகு.

துண்டு என்றதும் நமக்கு நம் சைக்கிள் நினைவு வருகிறது.

மலாயாவில் ஒப்பந்த முறை 1910இல் முடிந்தது. கங்காணி முறை அதற்குப் பின்னும் தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு தடைபோட்ட பிறகே ஆள்கட்டிக் கொண்டுவருவது நின்றது. முறை மாறினாலும் பெயர் மாறவில்லை. நாம் குடியிருந்த லயங்கள் ஆங்கிலத்தில் கூலி லைன். நம் வாயில் வழங்கிய தமிழும் அவர்கள் கணக்கில் கூலித் தமிழ். இது நாம் கட்டிச் சொல்வதன்று. தேயிலை, ரப்பர்த் தோட்டங்களுக்கு வரும் இளம் துரைமார் படித்துக்கொள்வதற்காக 1915இல் கொழும்பில் வெளியிடப்பட்ட ஒரு பாடப்புத்தகத்தின் பெயரே 'கூலித் தமிழ்'. அதற்கும் முந்திய தலைமுறையில் இலங்கையில் வந்த ஒரு சிறு புத்தகத்தின் பெயர் 'இங்கே வா'. ஒரு மொழியைக் கற்கத் தொடங்குகிறவனுக்கு முதல் பாடம் வணக்கமாக இருப்பதுதான் உலக வழக்கம். சின்னத் துரைக்கு முதல் பாடம், இங்கே வா!

1941ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை நம் பிள்ளைகளுக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் விரிவாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் ஆர். எச். நாதனும் முன்னின்ற போராட்டம் அது. கோரிக்கைகளில் முதலாவது, சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி. கள்ளுக்கடையை மூடு என்பது ஒன்று. பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, நம் பெண்டிர்மேல் கைவைப்பதை நிறுத்து என்பவை வேறு. இவற்றோடு, துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை.

வயிற்றுப் போராட்டத்தின் நடுவே சைக்கிள் எதற்கு என்று இன்று கேட்பவர் உண்டு. சைக்கிளிலிருந்து இறங்குவதால் கூலியில் ஒரு காசு குறையாது. ஏறியிருப்பதால் ஒரு காசு கூடாது. ஆனாலும் அதைக் கோரிக்கையாக எழுதினார்கள். இருபது சம்பாதித்தாலும் ஐம்பது சம்பாதித்தாலும் நாம் அந்தக் காசு அல்ல என்று சொல்லத்தான் எழுதினார்கள். நாதனைக் கைதுசெய்து நாடு கடத்தினார்கள். படையை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் மாண்டார்கள். அம்மா, உங்கள் தாத்தா ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று கேட்டீர்களே! அவர் காலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் சைக்கிளிலிருந்து இறங்கி நின்றவர்கள்.

வெள்ளைக்காரன் தலையில் மட்டும் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்க நாம் விரும்பவில்லை. 1941 கோரிக்கைகளில், கொடுமை செய்யும் ஆசியச் சிப்பந்திகளை அகற்று என்பதும் இருந்தது. கங்காணியும் கிராணியும் பிரட்டுக்களத்தில் நின்று 'கூலிக்காரப் பயலே' என்று கூவியது எந்த மொழியில்? நம் தாய்மொழியில்தான், அல்லது அதற்கு அக்கம்பக்கத்து மொழியில். சாதிப் பார்வையும் அதற்குள் கலந்திருந்தது. ஊரில் ஒருவனைக் கீழே தள்ளிய அதே கண் இங்கே கப்பலேறி வந்தது. துரை இங்கிலீஷில் சொன்ன இழிவுக்குத் தமிழில் குரல் கொடுத்தவன் நம்மவனே.

ஆகவேதான் மாதச் சம்பளம் என்ற கோரிக்கையைத் தோட்டத் தொழிலாளர் பல்லாண்டுகள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கிராணிக்குச் சம்பளம், மரம்வெட்டுபவனுக்குக் கூலி. கிராணிக்கு மழை பெய்தாலும் சம்பளம் உண்டு. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, அன்றைக்குக் கூலி இல்லை. வானம் கறுத்தால் அடுப்பும் கறுக்காமல் கிடந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத்தான் இந்த இரண்டு சொற்களின் தூரம் தெரியும். குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்கீழ் தீபகற்பத்துக்கு 2013இல் 900 வெள்ளி என்று தொடங்கி, 2025இல் 1,700 வெள்ளி என்று உயர்ந்திருக்கிறது. அது போதுமா என்பது வேறு தலையங்கத்துக்குரிய செய்தி. போதாது என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கிறோம்.

இனி, அந்தச் சொல்லை என்ன செய்வது? பல நாடுகளில் பலவிதமாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். கயானாவில் ராஜ்குமாரி சிங் என்ற பெண்மணி 1973இல் 'நான் ஒரு கூலி' என்று தலைப்பிட்டே ஒரு கட்டுரை எழுதினார். எறிந்த கல்லையே எடுத்து வீடு கட்டுவோம் என்ற துணிவு. மொரீஷியஸ் கவிஞர் கால் டோராபுல்லி அந்தச் சொல்லிலிருந்து 'கூலித்துவம்' என்று பொருள்படும் ஒரு புதுச்சொல்லையே படைத்தார். கயானாவில் பிறந்து அமெரிக்காவில் வாழும் கையுத்ரா பகதூர், கப்பலேறிய தம் கொள்ளுப்பாட்டியின் வரலாற்றைத் தேடி எழுதி, 2013இல் 'கூலிப் பெண்' என்ற பெயரிலேயே வெளியிட்டார். இந்தியாவிலோ வேறு வழி. 2016 ரயில்வே வரவுசெலவுத் திட்டத்தில், நிலையங்களில் சுமை தூக்குவோர் இனிக் கூலி அல்லர், 'சகாயக்' என்று அழைக்கப்படுவர் என்று அறிவித்தார்கள். பெயர் மாறியது நல்லதே. தலையிலிருந்த பெட்டியின் கனம் மாறியதா என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நம் நிலை கயானாவின் நிலை அன்று. அவர்கள் அந்தச் சொல்லின் தாய்மொழியை இழந்துவிட்டார்கள். ஆகவே சொல்லை மீட்டெடுக்க வேண்டியிருந்தது. நமக்கு மீட்க வேண்டியதில்லை, அது நம் வாயை விட்டுப் போகவேயில்லை. தமிழில் கூலி என்று சொல்வதற்கு நாம் கூச மாட்டோம். கூலி கேட்போம், கூலி உயர்வு கேட்போம், குறைந்தால் கொடிபிடிப்போம். திரைப்படத்துக்கு அப்பெயர் வைத்தாலும் நமக்கு வருத்தமில்லை. விசிலடித்த தம்பிகளைத் திட்டாதீர்கள், அம்மா. ஆனால் மனிதனைப் பார்த்துக் கூலி என்று ஆங்கிலத்தில் சொல்பவன், அவன் எவனாயினும், 1885ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் வாயில் வைத்துக்கொண்டிருக்கிறான். அடுத்தமுறை மௌனமாகத் திரும்ப வேண்டாம். சொன்ன நாளையும், கேட்டவர்கள் பெயரையும் குறித்து, எழுத்தில் புகார் கொடுங்கள். வேலையிடத்தில் சங்கம் இருந்தால் அதன் வழியாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் நமக்கு எழுதுங்கள், வழி சொல்கிறோம்.

கடிதத்துக்குரிய பதில் இத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதை எழுதிக்கொண்டிருந்த வாரத்தில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். முன்பு ரப்பர், இப்போது பெரும்பகுதி செம்பனை. நம்மவர் சில குடும்பங்களே எஞ்சியிருக்கின்றன. குலை வெட்டுவது, சுமப்பது, மரத்தடி செத்துவது எல்லாம் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். நம் பழைய உறுப்பினர் ஒருவர், நல்ல மனிதர், சந்தா தவறாதவர், நமக்குத் தேநீர் கொண்டுவரச் சொல்ல வெளியே எட்டிப்பார்த்து, "டேய் பங்ளா, இங்கே வா!" என்று குரல் கொடுத்தார்.

பங்ளா என்பது வசைச் சொல் அன்று. அந்த மக்களின் தாய்மொழிக்கு அவர்களே வைத்த பெயர் அது. அவர்கள் நாட்டின் பெயரிலும் அதுவே நிற்கிறது. நமக்குக் கூலி எவ்வளவு சுத்தமான சொல்லோ அவர்களுக்கு அது அவ்வளவு சுத்தமான சொல். வெட்டி எடுத்து, எல்லோருக்கும் பொதுவாக மாட்டி, பின்னால் ஒரு 'இங்கே வா' சேர்த்தபோது அது என்னவாயிற்று என்பதை நாம் அந்த இளைஞன் முகத்தில் பார்த்தோம். அவன் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். இறங்கி நின்றான்.

நம் நண்பருக்கு அது தெரியவில்லை. தேநீர் வந்தது. குடிக்கத்தான் செய்தோம். அந்த இளைஞனிடம் பெயர் கேட்டோம். சொன்னான். நண்பரிடம் இவர் எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறார் என்று கேட்டோம். நான்கு ஆண்டு என்றார். இவர் பெயர் தெரியுமா என்றோம். சிரித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

அயல்நாட்டுத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினராவதற்கு இந்நாட்டுச் சட்டத்தில் தடையில்லை. கூலி குறைவாகக் கொடுக்க ஒருவன் கிடைக்கிறான் என்றால் அது நம் கூலியையும் கீழே இழுக்கும் என்பது கிள்ளானிலேயே நம் முன்னோர் படித்த பாடம். ஆகவே கிளைச் செயலாளர்கள் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு முன்பு, உங்கள் தோட்டத்தில் வேலை செய்யும் அயல்நாட்டுத் தொழிலாளர் ஒவ்வொருவரையும் நேரில் சென்று பாருங்கள். உறுப்பினர் படிவத்தைக் கொண்டுபோங்கள். பெயர் என்ற இடத்தில் கடப்பிதழைப் பார்த்து எழுதுவதற்குமுன், அவர்கள் வாயால் ஒருமுறை சொல்லச் சொல்லி, நீங்களும் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். படிவங்கள் தலைமை நிலையத்தில் வேண்டிய அளவு இருக்கின்றன.